ஐந்திலிருந்து இரண்டுக்கு

லெத்ராஸ் உச்சியில் வண்டியை நிறுத்திச்
சூடான கரும்புவெல்ல நீர் ஒரு குவளை,
அடியில் உருகும் பாலாடைக்கட்டியோடு.
"இன்றைக்கு எத்தனை வாய், யூரானி?"
கடைக்காரி கேட்டாள்.
ஏழு என்றேன்.
பின்பெட்டியில் ஈரப் பஞ்சுக்குள்
ஏழு பேரின் பல்வரிசைகள்,
மானிசாலெஸில் வார்த்து என் கையால் தேய்த்தவை.
ஃப்ரெஸ்னோவில் நான்கு. மரிகீத்தாவில் மூன்று.

இனி எண்பது கிலோமீட்டர் இறக்கம்.
பனி.
முன்னால் போகும் பால் லாரியின்
பிரேக் கருகும் நாற்றம் வருகிறது,
லாரி தெரியவில்லை.

பெட்ரோல் மிச்சமென்று
நியூட்ரலில் உருட்டுகிறவர்கள் உண்டு இந்தச் சாலையில்.
வளைவுகளில் சிலுவை நட்டிருக்கிறார்கள்.
எல்லாச் சிலுவையும் அதனால் அல்ல.
சில அதனால்.

நான் இன்ஜினைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறவள்.
ஆக்சிலேட்டரை விட்டால் போதும்,
முனகிக்கொண்டே அது வண்டியைப் பின்னுக்கு இழுக்கும்,
சந்தைக்குப் போக மனமில்லாத கழுதை மாதிரி.
பிரேக் குளிர்ந்து கிடக்கட்டும்,
வேண்டும்போது கூப்பிடலாம்.

கியர் குறைக்கையில்
வலக்கை இரண்டு விரல் முதலில் முன்பிரேக்குக்கு.
வண்டியின் மூக்கு சற்றே தாழும்.
கிளட்சைப் பிடி.
பிடித்த அந்த இமைப்பொழுதில்
உள்ளங்கையால் ஆக்சிலேட்டரை ஒரு சுண்டு,
இன்ஜின் ஒரு தும்மல் தும்மட்டும்.
இடக்கால் நுனி ஒரு படி கீழே. ஒன்றே ஒன்று.
கிளட்சை விடு,
தூங்கிவிட்ட குழந்தையின் தலைக்கடியிலிருந்து
கையை உருவுவதுபோல்.
சக்கரத்தின் வேகமும் இன்ஜினின் வேகமும்
உள்ளே எங்கோ இருட்டில் சந்தித்துப்
பல்லோடு பல் பொருந்தும்.
பிறகு அடுத்த படி.
வண்டி நிமிர்ந்திருக்கும்போதே இதெல்லாம் முடிந்துவிட வேண்டும்,
சாய்ந்தபின் எதையும் தொடாதே.

இவ்வளவு தெரிந்தவள்தான்
மூன்று வருடம் முன்பு,
பாதுவா தாண்டிய வளைவில்,
ஐந்திலிருந்து இரண்டுக்கு
டக் டக் டக் என்று மிதித்துக்
கிளட்சை அப்படியே உதறினேன்.
மழைத் தாரில் பின்சக்கரம்
பூட்டிக்கொண்டது, விட்டது, பூட்டிக்கொண்டது.
எழுந்தபோது வாயில் இரும்பு ருசி,
முன்பல் பாதி இல்லை.
ஊருக்கெல்லாம் பல் கட்டுகிறவள்
இதைக் கட்டிக்கொள்ளவில்லை.
வளைவுக்கு முன்னால் நாக்கு தானாகப் போய்
அந்த உடைசலைத் தொட்டுவிட்டு வரும்.

இன்று அதே வளைவு.
பனி கிழிந்தது.
பால் லாரி குறுக்கே நிற்கிறது, விளக்கில்லாமல்.
ஓட்டுநர் பின் டிரம்மில் தண்ணீர் ஊற்றுகிறான்,
ஆவி எது பனி எது தெரியவில்லை.
ஐந்து.
பிரேக். சுண்டு. நான்கு.
சுண்டு.
மூன்று.
கால் இரண்டு படியாய் மிதிக்கத் துடிக்கிறது,
விடவில்லை.
சுண்டு. இரண்டு. ஒன்று.
நின்றேன்.
முன்சக்கரத்துக்கும் லாரிக்கும் நடுவில்
ஒரு மாடு படுக்கலாம்.
அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.
ஏற்கனவே முதல் கியர், அப்படியே சுற்றிக்கொண்டு போனேன்.
கை நடுங்கியது அடுத்த வளைவில்தான்.

ஃப்ரெஸ்னோவில் தோன் எவேலியோ
வாசலிலேயே நின்றிருந்தார்.
மூன்று வாரமாய் வெறும் சூப்.
மேல்வரிசை, கீழ்வரிசை, கண்ணாடி.
நீலத்தாளைக் கடிக்கச் சொன்னேன்.
கடித்தார், தாடையை அசைத்தார், முகம் சுளித்தார்.
புதுப்பல்லில் வந்த முதல் சொல்:
"இடிக்குது."

நீலம் பதிந்த மேட்டை
அரத்தால் ஒரு இழை. கடியுங்கள்.
இன்னொரு இழை.
"இப்போ?"
"இன்னும் கொஞ்சம்."
வெளியே ஆறிக்கொண்டிருந்த இன்ஜின்
டிக் டிக்கென்றது.
இன்னும் ஆறு வாய் பாக்கி.